பாட்டன் பூட்டன் பெயரைத் தேடுவோம்



"உங்கள் தகப்பனார் பெயர் என்ன?" என்று யாராவது கேட்டால் உடனே சொல்லிவிடுகிறோம். பாட்டனார் பெயரைக் கேட்டால் சற்று யோசித்தாவது சொல்கிறோம். பாட்டனாரின் தகப்பனார் பெயர் என்ன, அவர் எந்த ஊரில் பிறந்தார், எந்த ஆண்டில் கப்பல் ஏறினார், முதன்முதலில் எந்தத் தோட்டத்தில் கால் வைத்தார் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிக்கிறோம். "சேலம் பக்கம்னு சொல்லுவாங்க", "தஞ்சாவூர்ப் பக்கமா இருக்கலாம்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அவர் வந்து நூறு ஆண்டுகூட ஆகாத குடும்பங்களிலும் இதுதான் நிலை. வந்த முன்னோரின் பெயரையும் ஊரையும் எப்படித் தேடுவது, எங்கே தேடுவது என்பதைப் பற்றி இன்று பேசுவோம். காப்பார் வட்டாரத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மற்ற வட்டாரத்து நேயர்களும் தங்கள் தோட்டத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம்.

"வயிற்றுப்பாட்டுக்கே நேரமில்லை, செத்துப்போன பாட்டன் ஊரைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இலங்கை மலையகத்துத் தோட்டத் தமிழருக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்ப்போம். 1948-ல் அந்நாட்டில் குடியுரிமைச் சட்டம் வந்தது. குடியுரிமை வேண்டுமானால் தன் தகப்பனார் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அது இல்லையென்றால் தகப்பனாரின் தகப்பனாரும், அவருடைய தகப்பனாரும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் போய்ப் பத்திரம் எழுதி வைத்தார்கள்? தலைமுறை தலைமுறையாகத் தேயிலை கிள்ளியவர்கள் கையில் தாள் இல்லாத காரணத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இலட்சக்கணக்கானோர் பிரித்து அனுப்பப்பட்டனர். மிஞ்சியவர்களின் சிக்கலைத் தீர்க்க 2003-ல் தனிச் சட்டம் ஒன்று இயற்ற வேண்டியிருந்தது. பாட்டன் எங்கே பிறந்தான் என்ற ஒரு கேள்வி ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரு சமுதாயத்தை அலைக்கழித்தது.

நம் நாட்டிலும் இதன் சாயல் உண்டு. மெர்டேக்கா நாளான 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய மலாயா மண்ணில் பிறந்த பிள்ளைக்கு, இங்கே பிறந்த காரணத்தாலேயே குடியுரிமை உண்டு என்று அரசியலமைப்புச் சட்டம் கூறுகிறது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையரின் நிலையும் பார்க்கப்படுகிறது. ஆகவே 1961-ல் பிறந்த ஒருவர் பிறப்பைப் பதியாமல் விட்டுவிட்டார் என்றால், அவர் பிறந்த நாளையும் இடத்தையும் காட்டும் ஒரு பழைய பள்ளிக்கூடப் பதிவு அவருடைய பிள்ளை பேரப்பிள்ளைகள் வரைக்கும் உதவக் கூடியது. திருமணமும் அப்படித்தான். 1976-ல் இயற்றப்பட்ட திருமணச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நடப்புக்கு வந்தது. அன்று முதல் கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் செய்ய வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சட்டம் தாயின் குடியுரிமையைத்தான் பார்க்கிறது. தாயிடம் சிவப்பு அடையாளக் கார்டு இருந்தால் பிள்ளை படும் பாட்டைத் தோட்டப்புறத்தில் கண்ணாலே கண்டிருக்கிறோம்.

ஆக, முன்னோரைத் தேடுவது பெருமைக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல. தேடும்போது கிடைக்கும் ஒவ்வொரு தாளும் பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பு. பெருமையும் அதோடு சேர்ந்து வந்தால் வரட்டும்.

முதலில் நம் முன்னோர் எப்படி வந்தார்கள் என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வந்த வழி தெரிந்தால்தான் எந்த வாசலில் தேடுவது என்று தெரியும்.

தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. ஒரு முதலாளியிடம் இத்தனை ஆண்டு வேலை செய்வேன் என்று கைநாட்டு வைத்து வந்தார்கள். மலாயாவில் அந்த முறை 1910-ல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரைத் துரை தேர்ந்தெடுத்து, சீட்டுக் கொடுத்து, அவர் சொந்த ஊருக்கே அனுப்பி ஆள் சேர்த்து வரச் சொல்வார். அவரும் தம் உறவினரையும் அக்கம்பக்கத்து ஊராரையும் அழைத்து வருவார். 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்ட பின், தோட்ட முதலாளிகள் கட்டிய பணத்திலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. 1922-ல் இந்தியாவில் குடிப்பெயர்ச்சிச் சட்டம் வந்து விதிகள் இறுகின. கங்காணியின் சீட்டில் ஊர் முன்சீப் கையெழுத்திட வேண்டும். ஆட்கள் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கிக் கப்பல் ஏற வேண்டும். 1923 முதல் இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் கோலாலம்பூரில் இருந்து தொழிலாளர் நிலையைக் கவனித்தார். கடைசியாக 1938 ஜூன் மாதத்தில், தோட்ட வேலைக்கு இப்படி உதவிப் பணத்தில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது.

இந்த ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்கு தீர்ந்துவிடும். "எங்க தாத்தாவைக் கங்காணி கூட்டிக்கிட்டு வந்தார்" என்று பாட்டி சொன்னால், தாத்தா வந்தது 1938 நடுவுக்கு முன்னால் என்று துணியலாம். "தாத்தா ரஜூலா கப்பலில் வந்தார்" என்றால், அந்தக் கப்பல் 1926-ல் கட்டப்பட்டது. ஆகவே அவர் அதற்கு முன்னால் அதில் வந்திருக்க முடியாது. ரஜூலா 1973 வரை ஓடியது. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அதன் பயணம். போர்ட் சுவெட்டன்ஹாம் என்பதுதான் 1972-ல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது. அந்தத் துறைமுகம் 1901-ல் திறக்கப்பட்டது. "பினாங்குத் தீவிலே ஒரு தனித்தீவில் எங்களைப் போட்டு மருந்து தெளிச்சாங்க" என்று பெரியவர்கள் சொன்னால், அது பூலாவ் ஜெரஜாக் நோய்த்தடுப்பு முகாம் என்று குறித்துக்கொள்ளலாம்.

மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நாலரை இலட்சம் பேர் வரை போனார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, பெயர், தகப்பனார் பெயர், ஊர், வயது எல்லாம் எழுதிய பதிவேடுகள் அங்கே மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் காக்கப்படுகின்றன. நாட்டால், ஃபீஜி போன்ற இடங்களுக்குப் போனவர்களின் பட்டியலும் உண்டு. நம்முடைய கங்காணி முறையில் வந்தவர்களுக்கு அப்படி ஆளுக்கு ஒரு சீட்டாகச் சேர்ந்த ஒரே பெரிய பதிவேடு கிடையாது. இதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். ஒரே இடத்தில் கிடைக்காத செய்தி நமக்குப் பத்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. பொறுக்கிச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் இடம் நம் வீடு. வீட்டிலே இருக்கும் வயதானவர்களின் வாய்மொழிதான் முதல் பதிவேடு. மற்றப் பதிவேடுகள் அலமாரியில் காத்திருக்கும். இந்தப் பதிவேடு காத்திருக்காது. ஆகவே இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "எந்த வருஷம் வந்தீங்க?" என்று கேட்டால் பாட்டிக்குத் தெரியாது. "மூத்த பிள்ளை பொறந்தப்போ என்ன நடந்துச்சு ஆயா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார். "பெரிய வெள்ளம் வந்துச்சு" என்றால் 1926-ஆம் ஆண்டு வெள்ளமா, 1971-ஆம் ஆண்டு வெள்ளமா என்று வயதைக் கொண்டு கணக்கிடலாம். "ஜப்பான்காரன் காலம்" என்றால் 1942 முதல் 1945 வரை. "அவசர காலம், வேலி போட்ட காலம்" என்றால் 1948-க்குப் பின். "முதல் முதல் அடையாளக் கார்டு எடுத்த வருஷம்" என்பதும் 1948-ஐ ஒட்டியதே. "சம்பளம் ஆம்பளைக்கு அரை வெள்ளி, பொம்பளைக்கு நாப்பது காசு" என்பது இரண்டாம் போருக்கு முந்திய பேச்சு.

பழைய ஜாதக நோட்டு இருந்தால் அதில் தமிழ் ஆண்டின் பெயர் இருக்கும். அந்தப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வருபவை. துந்துபி என்று எழுதியிருந்தால் 1922-ல் தொடங்கிய ஆண்டாக இருக்கலாம், 1982-ல் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம். பிரபவ என்றால் 1927 அல்லது 1987. யாருடைய ஜாதகம் என்று பார்த்தால் எந்தச் சுற்று என்பது விளங்கிவிடும்.

ஊரைக் கண்டுபிடிக்கக் குலதெய்வம் பெரிய துணை. தோட்டத்துக் கோயிலில் எல்லாரும் மாரியம்மனைக் கும்பிட்டாலும், வீட்டுக்குள்ளே முடி எடுப்பதற்கும் காது குத்துவதற்கும் நினைத்துக்கொள்ளும் சாமி வேறாக இருக்கும். மேல்மலையனூர் அங்காளம்மன் என்றால் பழைய தென்னார்க்காட்டுப் பக்கம் பார்க்க வேண்டும். சிறுவாச்சூர் மதுரகாளி என்றால் பழைய திருச்சி மாவட்டம், இன்றைய பெரம்பலூர்ப் பக்கம். கொல்லிமலைப் பெரியசாமி என்றால் பழைய சேலம், இன்றைய நாமக்கல்லை ஒட்டிய பகுதி. ஊர்ப் பெயரின் கடைசிப் பகுதியும் கொஞ்சம் வழி காட்டும். பாக்கம் என்று முடிவது செங்கற்பட்டு, ஆர்க்காட்டுப் பக்கங்களில் மிகுதி. பாளையம் கொங்குப் பகுதியில் மிகுதி. பட்டி திருச்சிக்குத் தெற்கே மிகுதி. வீட்டில் அப்பாயி, அம்மாயி என்று அழைக்கிறார்களா, ஆயா என்று அழைக்கிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ளலாம். இவையெல்லாம் சைகைகள், சாட்சியம் ஆகமாட்டா. ஒரே அங்காளம்மனை நூறு ஊரார் கும்பிடுவார்கள். இரண்டு மூன்று சைகைகள் ஒரே திசையைக் காட்டினால் நம்பி நடக்கலாம்.

இரண்டாவது இடம் வீட்டில் உள்ள தகரப் பெட்டி. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து பொறுமையாகப் பார்க்க வேண்டும். பிறப்புப் பத்திரம், மரணப் பத்திரம், பழைய அடையாளக் கார்டு, கடப்பிதழ், குடியுரிமைப் பத்திரம், ஊழியர் சேமநிதித் தாள், சங்கத்து உறுப்பினர் கார்டு, ஊருக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் ரசீது, ஊரிலிருந்து வந்த கடிதம், இவை எல்லாமே செய்தி சொல்லும். ஊழியர் சேமநிதி 1951-ல் தொடங்கியது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-ல் அமைந்தது. அந்தத் தாள்களில் எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று இருக்கும். மணியார்டர் ரசீதிலும் கடித உறையிலும் ஊரின் பெயரும் அஞ்சலகத்தின் பெயரும் இருக்கும். ஐம்பது ஆண்டு தேடினாலும் கிடைக்காத ஊர்ப் பெயர் ஒரு கிழிந்த கடித உறையில் கிடைத்துவிடலாம். "பழைய குப்பை" என்று பெட்டியைக் கொட்டிக் கொளுத்துமுன் இதை நினைக்க வேண்டும்.

மூன்றாவது இடம் தோட்டமும் அதைச் சூழ்ந்த பொது இடங்களும்.

காப்பார் கிள்ளான் மாவட்டத்து முக்கிம்களில் ஒன்று. கடலோரத் தாழ்நிலம். கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலையில் போகிறவர்களுக்கு இன்று மின் நிலையமும் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் கண்ணில் படுகின்றன. காடு வெட்டி, வாய்க்கால் தோண்டி, முதலில் காப்பியும் பிறகு ரப்பரும் போட்ட இடம் அது. வல்லம்புரோசா, ஜாலான் ஆக்கோப் போன்ற தோட்டப் பெயர்கள் இன்னும் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் வாழ்கின்றன.

வல்லம்புரோசா என்ற பெயர் இங்கிலாந்து வருமான வரிச் சட்டம் படிப்பவர்களுக்கும் தெரியும் என்றால் வியப்பாக இருக்கும். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரைத் தலைமையிடமாகக் கொண்டு அந்தக் கம்பெனி நடந்தது. அப்போது தோட்டத்தில் ஏழில் ஒரு பங்கு மரம்தான் பால் கொடுத்தது. மற்றவை இளமரங்கள். ஆகவே புல்வெட்டுக்கும் மேற்பார்வைக்கும் ஆன செலவில் ஏழில் ஒரு பங்கைத்தான் கழித்துக்கொள்ளலாம் என்றார் வரி அதிகாரி. முழுச் செலவையும் கழிக்கலாம் என்று 1910-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது. அந்தப் புல்லை வெட்டிய கைகள் யாருடைய கைகள்? நம்மவருடையவை. தீர்ப்பில் கூலித் தொகை இருக்கிறது, கூலி வாங்கியவர் பெயர் இல்லை. கம்பெனி ஆவணங்களின் குணமே அதுதான். எண்ணிக்கை சொல்லும், ஆளைச் சொல்லாது.

ஆளைச் சொல்வது தோட்டத்து ஆப்பீசில் கிராணி எழுதிய செக்ரோல் புத்தகம். பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுப் புள்ளி போட்டது அதில்தான். பெயர், வேலை, நாள் கணக்கு, சம்பளம் எல்லாம் இருக்கும். ஆனால் அந்தப் புத்தகங்கள் எல்லாத் தோட்டத்திலும் தப்பிப் பிழைக்கவில்லை. 1950-களில் பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பிறகு கம்பெனிகள் கைமாறின. 2007-ல் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் ஒன்றாயின. இடையில் செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது, ஆப்பீஸ் கட்டடமே இடிந்தது. ஆயினும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஓய்வுபெற்ற கிராணிமார் வீடுகளில் சில புத்தகங்கள் இருப்பதும் உண்டு.

பள்ளிக்கூடம் நிலைத்து நிற்கிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. மாட்டுக் கொட்டகை மாதிரி இருந்தாலும் அங்கே ஒரு சேர்க்கைப் பதிவேடு இருந்தது. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தகப்பனார் பெயர், லயம் எல்லாம் வாத்தியார் கையெழுத்தில் தமிழிலேயே இருக்கலாம். தமிழில் எழுதிய பெயர் நமக்கு மிகவும் வேண்டியது. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

கோயிலில் உபயதாரர் பெயர் பொறித்த கல், பழைய திருவிழா அழைப்பிதழ், வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றைப் பார்க்கலாம். கிறிஸ்தவக் குடும்பமானால் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் மிகவும் நம்பகமானவை. பள்ளிவாசலில் நிக்காஹ் பதிவு இருக்கும். சுடுகாட்டில் கல் வைத்த சமாதி இருந்தால் பெயரையும் தேதியையும் எழுதிக்கொள்ள வேண்டும். தோட்டம் வீடமைப்பாக மாறும்போது முதலில் மறைவது சுடுகாடுதான்.

நான்காவது இடம் அரசாங்க அலுவலகங்கள். தேசியப் பதிவுத் துறையில் பிறப்பு, இறப்புப் பதிவுகளின் நகலுக்கு மனுச் செய்யலாம். பாட்டனார் இங்கே பிறக்காவிட்டாலும் இங்கே இறந்திருப்பார். அவருடைய மரணப் பதிவில் வயதும் இடமும் இருக்கும். பாட்டனாரின் பிள்ளைகள் இங்கே பிறந்திருப்பார்கள். அவர்கள் பிறப்புப் பதிவில் தகப்பனார், தாயார் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கும். மூத்த பிள்ளையின் பத்திரத்தை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. எல்லாப் பிள்ளைகளின் பத்திரத்தையும் வரிசையாக வைத்தால், குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு எப்போது போனது என்பது கோடு போட்டாற்போல் தெரியும்.

கோலாலம்பூரில் நாட்டின் ஆவணக் காப்பகமான ஆர்க்கிப் நெகாரா இருக்கிறது. 1957 டிசம்பரில் தொடங்கப்பட்டது. பழைய சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் அங்கே உள்ளன. தோட்டத்துக்கு நிலம் கொடுத்தது, ஆஸ்பத்திரி, கள்ளுக்கடை, காய்ச்சல், புகார் மனு என்று பல தலைப்புகளில் அவை கிடக்கின்றன. நம் பாட்டன் பெயர் அவற்றில் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அவர் வாழ்ந்த வாழ்க்கை இருக்கும். கோப்புகளின் பெயர்களை இணையம் வழியாகவும் தேடலாம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வேலையை ஒப்படைக்கலாம்.

அச்சிட்ட நூல்களும் உண்டு. 1901-ல் கிள்ளான் வட்டார மருத்துவராக வந்தவர் டாக்டர் மால்கம் வாட்சன். புதிதாகத் திறந்த துறைமுகத்திலேயே மலேரியாக் காய்ச்சல் கொத்துக் கொத்தாகத் தாக்கிய காலம் அது. அவர் வாய்க்கால் வெட்டி, சதுப்பை வடித்து, கொசுவை ஒழித்தார். தோட்டங்களில் எத்தனை பேர் நோயுற்றார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்றெல்லாம் கணக்கெடுத்து 1911-ல் நூலாக வெளியிட்டார். "எங்க பூட்டன் கூட வந்த அண்ணன் தம்பி யாரும் மிஞ்சலையாம்" என்று வீட்டில் ஒரு கதை வழங்கினால், அதன் பின்னணி அந்த நூலில் இருக்கிறது. 1908-ல் வந்த 'இருபதாம் நூற்றாண்டு மலாயா' பற்றிய பெரிய ஆங்கிலத் தொகுப்பில் அக்காலத் தோட்டங்கள் பலவற்றின் செய்தி உண்டு. பேராசிரியர்கள் கெர்னியல் சிங் சந்து 1969-லும், சின்னப்பா அரசரத்தினம் 1970-லும் வெளியிட்ட ஆராய்ச்சி நூல்கள் நம் வருகையின் வரலாற்றை முறையாகச் சொல்கின்றன.

பழைய நாளேடுகளையும் மறக்கக் கூடாது. தமிழ் நேசன் 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றது. தமிழ் முரசு 1935-ல் சிங்கப்பூரில் தொடங்கியது. அதன் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தைப் பற்றிய செய்திகளை அக்கால ஏடுகளில் தேடலாம். கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கொடுமையை நிறுத்தக் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடக் கேட்டார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அவ்வாண்டு மே மாதத்தில் பிடிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நம் தாத்தா அந்தக் கூட்டத்தில் நின்றாரா என்று பாட்டியைக் கேட்டோமா?

ஐந்தாவது இடம் தமிழ்நாடு. போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாத்தா சொன்ன மாவட்டம் இன்று அந்தப் பெயரில் இல்லாமல் இருக்கலாம். தென்னார்க்காடு 1993-ல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து 2019-ல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. வடார்க்காடு 1989-ல் வேலூர்ப் பகுதியும் திருவண்ணாமலைப் பகுதியுமாகப் பிரிந்தது. திருச்சியிலிருந்து 1995-ல் கரூரும் பெரம்பலூரும் பிரிந்தன. சேலத்திலிருந்து 1997-ல் நாமக்கல் பிரிந்தது. தஞ்சாவூரிலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது. மாவட்டப் பெயரோடு தாலுக்கா, அஞ்சலகம், பக்கத்து ஊர்ச் சந்தை ஆகியவற்றின் பெயரும் தெரிந்தால் ஊர் பிடிபடும். ஊருக்குப் போனால் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுக்கா அலுவலகத்திலும் நிலப் பதிவேட்டைப் பற்றிக் கேட்கலாம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய சென்னை அரசாங்கத்தின் குடிப்பெயர்ச்சிக் கோப்புகள் உண்டு.

இவற்றை எப்படிக் கோத்துப் பார்ப்பது? ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். காப்பாரில் இருக்கும் குடும்பம். கொள்ளுத் தாத்தா பெயர் பெருமாள் என்ற ஒன்றுதான் தெரியும். பாட்டியைக் கேட்டால், "உங்க தாத்தா வெள்ளத்து வருஷம் பொறந்தவர், வீட்டுச் சாமி மேல்மலையனூர் அங்காளம்மன், ஊரு ஏதோ பாக்கம்" என்கிறார். வெள்ளத்து வருஷம் என்றால் 1926 அல்லது அதை ஒட்டியது. அந்தக் கணக்கில் தாத்தாவின் பிறப்புப் பதிவுக்கு மனுச் செய்தால், தகப்பனார் பெருமாள் என்பதோடு தாயார் பெயரும் பிறந்த தோட்டமும் கிடைக்கின்றன. அந்தத் தோட்டத்திலிருந்து வந்த மற்றக் குடும்பங்களை விசாரிக்கிறோம். ஒரே கங்காணி அழைத்து வந்தவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள். அவர்களில் ஒரு வீட்டில் பழைய கடித உறை இருக்கிறது. செஞ்சித் தாலுக்கா என்று அதில் எழுதியிருக்கிறது. சாமியும் அந்தப் பக்கம், உறையும் அந்தப் பக்கம். இப்போது பாக்கம் என்று முடியும் ஊர்களை அந்த வட்டாரத்தில் மட்டும் தேடினால் போதும். கடலில் தேடிய ஊசியைக் குளத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

நேயர்களே, இந்தத் தேட்டத்தில் வரும் சில இடையூறுகளையும் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது, பெயர் எழுதும் முறை. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். லெட்சுமணன் ஒரு தாளில் ஒரு விதமாகவும் அடுத்த தாளில் வேறு விதமாகவும் இருப்பார். முனுசாமி முனியசாமி ஆவார். அண்ணன் பத்திரத்தில் தகப்பனார் பெயர் ஒரு மாதிரி, தம்பி பத்திரத்தில் வேறு மாதிரி இருக்கும். அவர்கள் வேறு ஆட்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தமிழில் எழுதிய பள்ளிப் பதிவேடு வேண்டும் என்றது இதற்காகத்தான். அதே நேரத்தில் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே நம் பாட்டன் என்றும் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஒரே தோட்டத்தில் நாலு ராமசாமி இருந்தார்கள். பெயர், மனைவி பெயர், தோட்டம், காலம் என்ற நான்கில் மூன்றாவது பொருந்த வேண்டும்.

இரண்டாவது, பெண்கள். பதிவேடுகள் ஆணைக் கொண்டே எழுதப்பட்டவை. பால் வெட்டியதில் பெண் சரிபாதி. பெயர் வரும்போது மட்டும் "இன்னார் மனைவி". பாட்டியின் தகப்பனார் யார், அவர் பிறந்த ஊர் எது என்பது ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடுகிறது. ஆகவே தாய்வழியையும் தனிப் பக்கத்தில் எழுத வேண்டும்.

மூன்றாவது, சயாம் மரண ரயில்பாதை. 1942-க்கும் 1945-க்கும் இடையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டு போகப்பட்டார்கள். போர்க் கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அங்கே பெயர் பொறித்த கல்லறை உண்டு. நம்மவரில் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. வீட்டில் ஒரு தாத்தாவோ சித்தப்பாவோ "சயாமுக்குப் போனவர் திரும்பல" என்று சொல்லப்பட்டால், அவர் பெயரையும் எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்பதையும் நம் நோட்டில் எழுதுவோம். அவருக்கு வேறு கல் கிடையாது.

நான்காவது, வெட்கம். பழைய தாளில் "கூலி" என்று இருக்கும். சாதிப் பெயர் இருக்கும். கைநாட்டு இருக்கும். சிலர் இதைப் பார்த்துத் தாளையே கிழித்துவிடுகிறார்கள். எதற்கு வெட்கப்பட வேண்டும்? பசிக்கும் பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி, ஒரு வாரம் கப்பல் தளத்தில் படுத்து வந்து, காய்ச்சலில் செத்தவர் போக மிஞ்சியவர்கள் நம்மை வளர்த்தார்கள். அதே நேரத்தில், அந்தச் சாதிப் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு இன்னொரு குடும்பத்தை அளப்பதற்கு இந்தத் தேட்டம் பயன்படக் கூடாது. அப்படிப் பயன்படுத்தினால், முன்னோர் கடலில் விட்டு வந்ததை நாம் மீண்டும் கரையேற்றியவர்கள் ஆவோம்.

முடிவாக, இந்த வாரமே தொடங்கக்கூடிய வேலை ஒன்று. ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குவோம். முதல் பக்கத்தில் நம் பெயர், பிறந்த நாள், பிறந்த இடம். அடுத்த பக்கத்தில் தாய் தந்தையர். அதற்கடுத்து நான்கு பக்கம், அப்பாவின் அப்பா, அப்பாவின் அம்மா, அம்மாவின் அப்பா, அம்மாவின் அம்மா என்று ஆளுக்கு ஒன்று. தெரிந்ததை எழுதுவோம், தெரியாத இடத்தை வெற்றாக விடுவோம். யார் சொன்னது, எந்தத் தாளில் பார்த்தது என்பதைப் பக்கத்திலேயே குறிப்போம். பெட்டியிலுள்ள பத்திரங்களைப் படம் பிடித்து இரண்டு இடத்தில் வைப்போம். வெள்ளமும் கரையானும் வந்தால் ஒன்றாவது தப்பும். பத்திரம் இல்லாத பிள்ளை யாராவது நம் லயத்திலோ அடுக்கு வீட்டிலோ இருந்தால், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குக் கூடவே போவோம்.

எழுதப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைதான் இதற்குக் கிராணி. பேசத் தெரிந்த பாட்டிதான் செக்ரோல். பாட்டி பேசும் நிலையில் இருக்கும்போதே பேரப்பிள்ளையின் கையில் நோட்டைக் கொடுத்து உட்கார வைப்போம்.